பேச்சியின் வளர்ச்சி அட்டை

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் என்னிடம் படித்த செல்வி இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை. போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். அவர்கள் பள்ளியில் இனிமேல் சின்ன வகுப்புகளுக்குப் பரீட்சை கிடையாதாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை போட்டு, வளர்ச்சியைப் பார்த்து டிக் அடிக்க வேண்டுமாம். "நீங்க அந்தக் காலத்துலயே இதெல்லாம் செஞ்சவுக. எங்க டீச்சர்மாருக்குப் படிக்கக் குடுக்கணும், உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க டீச்சர்" என்றாள். ஆமாம் தாயி, செய்தேன். நல்லாவே செய்தேன். செய்தது என்னவென்று எழுதினால் அவள் அதை யாருக்காவது படிக்கக் கொடுப்பாளா என்பது சந்தேகம். கொடுக்காவிட்டால் போகட்டும், நான் எழுதிவிடுகிறேன்.

நான் வாடிப்பட்டிக்காரி. பி.ஏ., பி.டி. முடித்து, இரண்டு வருஷம் ஹைஸ்கூலில் சரித்திரம் எடுத்து, எம்.எட். எழுதி, மதுரையில் அந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது எழுபதுகள் தொடங்கியிருந்தன. கல்வி உளவியல் பாடத்தை எடுக்க அங்கே ஒருத்தருக்கும் ஆசையில்லை. புதுசாக வந்தவள் என்று என் தலையில் கட்டினார்கள்.

பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள், எப்படி வளர்கிறார்கள் என்று சொல்ல அந்தப் பாடத்தில் மூன்று வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள். ஒருத்தர் ரஷ்யாக்காரர். மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கினால், பிறகு வெறும் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு வாயூறும் என்று காட்டியவர். அடுத்தவர் அமெரிக்காக்காரர். புறாவைக் கூண்டில் வைத்து, சரியான இடத்தில் கொத்தினால் தானியம் விழும்படி செய்து பழக்கியவர். பிள்ளைகளையும் அப்படியே பழக்கிவிடலாம் என்பது அவர் கட்சி. மூன்றாவது ஆள் சுவிட்சர்லாந்துக்காரர். தன் சொந்தப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கவனித்தவர். பிள்ளை நம்மைவிடக் குறைவாக யோசிப்பதில்லை, வேறு மாதிரி யோசிக்கிறது, அந்த யோசனை நான்கு நிலைகளாக வளர்கிறது என்று சொன்னவர். எனக்கு அவரைத்தான் பிடிக்கும். எம்.எட். படிக்கிறபோது அவரைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். அம்புட்டு மயக்கம்.

ஆனால் நடத்தின லட்சணத்தைக் கேளுங்கள். நாற்பது பேர் குனிந்து எழுத, நான் நோட்ஸ் சொல்வேன். "குழந்தை தானே செய்து பார்த்துக் கற்கிறது. முற்றுப்புள்ளி. எழுதியாச்சா?" "எழுதியாச்சு டீச்சர்." "சொல்லிக் கொடுப்பதை மனப்பாடம் செய்வது கற்றல் ஆகாது. முற்றுப்புள்ளி. இதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு வாங்க, நாளைக்குக் கேப்பேன்." இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. அவர்களுக்கும் வந்ததில்லை.

பிரின்சிபால் வேதமாணிக்கம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையில் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. எந்தக் காகிதமானாலும் ஒரு ஸ்கேலை வரிக்கு வரி இறக்கிப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். எதிரே நிற்பவர் பேசும்போது பேனாவை மூடி வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்பார். அவ்வளவு மரியாதை. கேட்டது நடக்காது என்றால், மேஜை மேலிருக்கும் தண்ணீர்த் தம்ளரை நம் பக்கம் நகர்த்தி, "முதல்ல தண்ணி குடிங்கம்மா" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதைக் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு வருஷம் கோடை விடுமுறையில் வடக்கே எங்கோ பயிற்சிக்குப் போய்விட்டுக் கத்தைக் காகிதத்தோடு திரும்பினார். எங்கள் பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்து ஒன்று முதல் ஐந்து வரைக்கும் மாதிரிப் பள்ளி ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் "வளர்ச்சி அட்டை" போட வேண்டும், எந்தப் பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்று சோதித்து எழுத வேண்டும், பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிக் கவன வகுப்பு ஒன்று தொடங்க வேண்டும் என்றார். சோதிக்கிற வேலை எனக்கு. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சுவிஸ்காரர் செய்ததை மதுரையில் நான் செய்யப்போகிறேன்!

சோதனை இப்படி. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடித் தம்ளர், உயரமும் ஒல்லியுமாக இன்னொரு கண்ணாடிக் குவளை. தண்ணீரில் ஒரு சொட்டுச் சிவப்பு மை விட்டுக் கலக்கி, இரண்டு தம்ளரிலும் ஒரே மட்டத்துக்கு ஊற்ற வேண்டும். இரண்டும் சமம் என்று பிள்ளை ஒப்புக்கொண்ட பிறகு, ஒரு தம்ளர் தண்ணீரை அதன் கண் முன்னாலேயே ஒல்லிக் குவளைக்கு மாற்ற வேண்டும். பிறகு கேள்வி: "இந்த இரண்டில் எதில் தண்ணீர் அதிகம், அல்லது இரண்டும் ஒரே அளவா?" உயரத்தைப் பார்த்து மயங்கி ஒல்லிக் குவளையைக் காட்டினால் பிள்ளை இன்னும் இரண்டாம் நிலையில்தான் இருக்கிறது. ஒரே அளவு என்றால் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டது. ஏழெட்டு வயதில் வந்திருக்க வேண்டும்.

அதற்கு மேல் சார் தன் பங்குக்கு ஒரு விதி சேர்த்தார். "குருட்டாம்போக்குல சரியாச் சொல்லிடலாம் இல்லையாம்மா? அதனால அதே கேள்விய, அதே வாசகத்துல, ரெண்டாவது தடவை கேளுங்க. ரெண்டு பதிலும் ஒத்துப்போனாத்தான் செல்லும். சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது." நியாயமாகத்தான் பட்டது. கண்ணாடி முன்னால் நின்று, முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொள்ளப் பழகினேன்.

மூன்றாம் வகுப்பில் பேச்சி என்று ஒரு பிள்ளை. எட்டு வயது. அவள் அம்மா அங்கம்மா வண்டியூரிலிருந்து வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவள். புருஷன் இல்லை. புருஷனின் அண்ணன், அதாவது பேச்சியின் பெரியப்பா வீட்டோடு இருந்தாள். தெப்பக்குளத்துப் பக்கம் என் வாடகை வீட்டுக்கும் அவள் ஊற்றும் பால்தான். அம்மா தூக்குவாளியைப் பிடித்துக்கொள்ள, பேச்சிதான் உழக்கால் அளந்து ஊற்றுவாள்.

அவள் முறை வந்தது. எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊற்றினேன், கேட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணுதேன் டீச்சர்" என்றாள். எழுதிக்கொண்டேன். அதே கேள்வியை அதே வாசகத்தில் மறுபடி கேட்டேன். அவள் குவளையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. மெதுவாக விரலை நீட்டி ஒல்லிக் குவளையைக் காட்டி, "இதுல கூட டீச்சர்" என்றாள். களிமண் உருண்டையைத் தட்டையாக்கிக் கேட்டபோதும் அப்படித்தான், பொத்தான் வரிசையை அகட்டி வைத்துக் கேட்டபோதும் அப்படித்தான். அட்டையில் எழுதினேன்: "விடைகள் நிலையற்றவை. மூன்றாம் நிலையை எட்டவில்லை." கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே சாருடையது.

வகுப்பில் பத்துப் பதினோரு பிள்ளைகள் அப்படி மாற்றிச் சொன்னார்கள். ஆபீசர் வீட்டுப் பிள்ளை, வாத்தியார் வீட்டுப் பிள்ளை ஒன்றும் அதில் இல்லை. அது என் கண்ணில் பட்டது. மூளையில் படவில்லை.

தனிக் கவன வகுப்பு தொடங்கினது. பெயர்தான் கவனம். அதற்கென்று ஆசிரியர் போடவில்லை. காலையில் எழுத்து எழுதிப் பார்ப்பார்கள், பிறகு தோட்டத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், மதிய உணவு அரிசியில் கல் பொறுக்குவார்கள். பள்ளிக்கூடம் முழுக்க அதற்கு மக்கு வகுப்பு என்று பெயர் வைத்துவிட்டது.

மூன்றாம் நாள் அங்கம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சரம்மா, எம் மக மக்கா?" என்றாள்.

"மக்குன்னு யாரு சொன்னா? வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கியிருக்கு. தனியா வச்சுப் பாத்தா தேறிருவா."

"செடிக்குத் தண்ணி ஊத்தித் தேறவா? அதுக்கு எங்க வீட்டுலயே வேலை கெடக்கே. அவ பெரியப்பா ஒரே சொல்லாச் சொல்லிட்டாரு. மூணாப்புல இருந்தாப் படிக்கட்டும், மக்கு வகுப்புன்னா நிப்பாட்டிரு, மாட்டப் பாக்கட்டும்னு. உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன், அவள மூணாப்புலயே உக்கார வைங்க."

"சோதனை பண்ணித்தான் அங்கம்மா எழுதியிருக்கோம்."

"என்னா சோதனை? தண்ணி அளவு தெரியலன்னு எழுதிருக்கீகளாம்ல? போன வாரம் நீங்க அகலக் கிண்ணத்த நீட்டுனீக. என்னடி பேச்சி, பாலு அடியில கெடக்கு, கொறச்சுட்டியான்னீக. அவ என்னா சொன்னா? கிண்ணம் அகலம் டீச்சர், பாலு அதே உழக்குத்தேன்னு சொன்னாளா இல்லையா? நீங்க சிரிச்சீகளே!"

சொன்னாள். நான் சிரித்தேன். சுவிஸ்காரர் புத்தகத்திலிருந்து எடுத்து வைத்த மாதிரி அப்படியொரு பதிலை என் வாசலில் நின்று அந்தப் பிள்ளை சொன்னாள். ஒரு நொடி எனக்கு உள்ளே ஆடிப்போனது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் படித்தவளாயிற்றே, சும்மா விடுவேனா? புறாக்காரர் கைக்கு அகப்பட்டார்.

"அது பழக்கம் அங்கம்மா. தெனமும் ஊத்தி ஊத்தி வாய்க்குப் பழகிப்போன பேச்சு. அது அறிவாகாது" என்றேன்.

அவள் குனிந்து வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப அறிவுன்னா பழகாம வர்றதா டீச்சரம்மா?" என்றாள். கேலியில்லை. நிஜமாகவே கேட்டாள். மணியடித்தது, நான் வகுப்புக்குப் போய்விட்டேன். அன்றைக்கு என்ன நோட்ஸ் சொன்னேன் என்று நினைவில்லை.

மறுநாளிலிருந்து பேச்சி வரவில்லை. காலையில் பால் ஊற்ற மட்டும் வந்தாள். தலை நிமிர மாட்டாள். இரண்டு வாரம் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியூருக்குப் போனேன். தப்பு செய்துவிட்டோம் என்று போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தனி வகுப்புக்காவது கூட்டிவந்து தேற்றிவிடலாம் என்ற இரக்கத்தில் போனேன். அந்த இரக்கத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

மாட்டுக் கொட்டடியில் பேச்சி சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். பெரியப்பா கரடுமுரடான ஆள் என்று எதிர்பார்த்தேன். அப்படியில்லை. சேர் எடுத்துப் போட்டு, காப்பி வாங்கி வரச்சொல்லி, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நாங் குறுக்க நிக்கல டீச்சர். அங்க போயி மத்த பிள்ளைககிட்டக் கேலிப்பேச்சு வாங்கிட்டு வந்து அழுகுது, அதேன் நிப்பாட்டச் சொன்னேன். இப்ப உங்க முன்னாலயே அவளக் கேளுங்க. வாரேன்னு அவ வாயால சொன்னா, நாளைக்கே அனுப்பிவிடுறேன்."

அங்கம்மா கொட்டடி வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சியைக் கூப்பிட்டேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து, பழக்கம் விடாமல் கையைக் கட்டி நின்றாள்.

"பேச்சி, பள்ளிக்கூடத்துக்கு வர்றியா?"

"வாரேன் டீச்சர்."

முகம் அப்படி மலர்ந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டு எழுந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? பெரியப்பா காதில் நன்றாக விழட்டும் என்று, டீச்சர் குரலில், இன்னொரு தடவை கேட்டேன்.

"பேச்சி, பள்ளிக்கூடத்துக்கு வர்றியா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மலர்ந்தது அப்படியே வாடியது.

"இல்ல டீச்சர். வரல."

"அடிப்பாவி!" என்று ஓடிவந்தாள் அங்கம்மா. "இப்பத்தானடி வாரேன்ன? ஏண்டி மாத்துற?"

பேச்சி அழ ஆரம்பித்துவிட்டாள். "டீச்சர் ரெண்டாந்தரம் கேட்டாகளே! சரியாச் சொன்னா உக்காருன்னு சொல்லிருவாக. தப்பாச் சொன்னாத்தேன் திருப்பிக் கேப்பாக!"

கடவுளே. எங்கள் வகுப்புகளில் அதுதான் வழக்கம். நான் படித்த பள்ளியிலும் அதுதான், நான் பயிற்சி கொடுத்த நாற்பது நாற்பது பேரும் போய்ச் செய்வது அதுதான். சரியான விடைக்கு "உக்காரு." தப்பான விடைக்கு, தப்பு என்றுகூடச் சொல்ல மாட்டோம், அதே கேள்வியை முறைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்போம். பிள்ளை மாற்றிச் சொல்லும். மாற்றாவிட்டால் பிரம்படிக்குக் கையை நீட்டும். இதைப் பிள்ளைகளுக்குப் பழக்கினதே நாங்கள்தான். பழக்கிவிட்டு, ஒரு தண்ணீர்த் தம்ளரை வைத்துக்கொண்டு, இரண்டு தடவை கேட்டு, பதில் மாறுகிறது, அறிவு வளரவில்லை என்று எழுதினேன். ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டுக் கொஞ்சுகிற வீட்டுப் பிள்ளைகள் மாற்றவில்லை. வகுப்பில் மட்டும் கேள்வி கேட்கப்பட்ட பிள்ளைகள் மாற்றினார்கள்.

பெரியப்பா எழுந்துவிட்டார். "எனக்கு இதெல்லாம் விளங்கல டீச்சர். பிள்ளய மூணாப்புல உக்கார வைக்கிறேன்னு சொல்லுங்க, அனுப்புறேன். அந்த வகுப்புக்குன்னா வேணாம்" என்றார்.

"நாளைக்கே உக்கார வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை பிரேயருக்கு முன்னாலேயே தனி வகுப்புப் பிள்ளைகளில் ஆறு பேரைக் கூப்பிட்டு, சாயத் தண்ணீரை ஊற்றி, ஒரே ஒரு தடவை கேட்டேன். ஐந்து பேர் ஒரே அளவு என்றார்கள். காகிதத்தில் எழுதிக்கொண்டு சார் அறைக்கு ஓடினேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். ஸ்கேலை இறக்கி இறக்கிப் படித்தார். "ரெண்டாவது தடவை கேக்கலையாம்மா?"

"இல்ல சார். அதுதான் சார் தப்பே." வண்டியூரில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை.

"நீங்க சொல்றது சரியாகவே இருக்கலாம்" என்றார் கடைசியில். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. "ஆனா அட்டையெல்லாம் மேலே போயாச்சு. நம்ம முறையை மத்த பள்ளிகளுக்கும் அனுப்பப்போறாங்க. ஒரு பிள்ளையோட அட்டை தப்புன்னா எல்லா அட்டையும் தப்பு. அதுல கையெழுத்து என்னுது. உங்களுதும்." ஸ்கேலை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, "கப்பலூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில இடம் காலியா இருக்காம். நல்ல ஆளாக் கேக்குறாங்க" என்றார். பிறகு தம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

நான் தண்ணீரைக் குடித்தேன்.

மிரட்டலா என்றால், அதுகூட இல்லை. கப்பலூர் என்ன காடா? போயிருக்கலாம். மேலிடத்துக்கு ஒரு கடிதாசி போட்டிருக்கலாம். ஒன்றுமில்லாவிட்டால் வண்டியூருக்குப் போய், என்னால் முடியவில்லை, ஆனால் தப்பு உன் மேல் இல்லை தாயி என்று அந்தப் பிள்ளையிடமாவது சொல்லியிருக்கலாம். பயம். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது, வெறும் பயம். அந்த வாரமே டிப்போ பாலுக்கு மாறிவிட்டேன், வாசலில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காதே என்று. பேச்சியைப் பதினாறு வயதிலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நான் ஓய்வுபெறப் போகிற சமயத்தில் பாடத்தில் இன்னொரு ரஷ்யாக்காரரைச் சேர்த்தார்கள். ஒரு பிள்ளை தனியாக என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்காதே, பெரியவர் ஒருத்தர் கூட நின்று கை கொடுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்று பார் என்று சொன்னவர். படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அதையும் நோட்ஸாகத்தான் சொன்னேன்.

செல்வி, உங்கள் டீச்சர்மாருக்கு நான் எழுத வேண்டியது பேச்சி கதையோடு முடிந்திருந்தால்கூட ஏதோ தெரியாமல் செய்தேன் என்று ஆகியிருக்கும். முடியவில்லை. அடுத்த ஜூனில் புது மூன்றாம் வகுப்பு வந்தது. அட்டைகள் வந்தன. எதிரே ஒரு பிள்ளை கையைக் கட்டி உட்கார்ந்தது. சிவப்புத் தண்ணீரை ஒல்லிக் குவளைக்கு மாற்றிவிட்டுக் கேட்டேன். "ரெண்டும் ஒரே அளவு டீச்சர்" என்றது. எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும். முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டு, அதே கேள்வியை இரண்டாவது தடவை கேட்டேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. பதிலை மாற்றியது. நான் எழுதிக்கொண்டேன்.